வெள்ளைக்கரை இல்லாத இலை

அன்பு மகள் சவாகோவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை கோஹெய்யும் குட்டி நனாவோவும் காய்ச்சல் சளி எதுவும் அண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் முன்னோர் மாடத்தில் சோறு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தீவில் இப்போதே கடலில் குளிக்கிறார்களாமே, இங்கே கூரைப் பனி இப்போதுதான் முழுக்க இறங்கியிருக்கிறது, தெற்கு வாசலில் மண் தெரிகிறது, வடக்குப் பக்கம் தோட்டத்து ஓரத்தில் இன்னும் அழுக்குப் பனி கிடக்கிறது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, எல்லாக் கடிதமும் அப்படித்தானே ஆரம்பிக்கிறோம், இந்தத் தடவை அதை எழுதாமல் விடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ படாரென்று ஃபோனை வைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. வைப்பதற்கு முன்னால் கேட்டாயே, அப்பா பாவம், "மே மாச லீவுக்குக் கட்டாயம் வாங்க, குட்டிய கண்ணுல காட்டுங்க"ன்னு கெஞ்சுறார், நீ ஃபோனைப் பிடுங்கி "வராதே"ன்னு ஒரே வார்த்தையில சொல்ற, உனக்கு நெஞ்சு கல்லாம்மா என்று. கல்தான் என்று வைத்துக்கொள். ஏன் என்று நீ கேட்டபோது நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது, ஃபோன் இருக்கிற கூடத்தில் உங்கப்பா என் தோளை உரசிக்கொண்டு நின்றார், அவருக்கு மறதிதானே தவிர காது நன்றாகவே கேட்கிறது. இப்போது முடிதிருத்தும் கடைக்குப் போயிருக்கிறார், பக்கத்து வீட்டு யொஷியே அக்கா மகன் ஷிங்கோ காரில் கூட்டிப் போயிருக்கிறான், அவர்கள் திரும்பி வருவதற்குள் எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும், அதனால் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வடக்குத் தோட்டத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்பே உங்கப்பா போட்ட தோட்டம் அது. உங்கள் ஊர்க் கடைகளில் ஹோஸ்டா என்று தொட்டியில் வைத்து ஆனை விலை சொல்கிறார்களே, நாம் வசந்தத்தில் அதன் குருத்தை உருயிக் கீரை என்று வேகவைத்து மிசோ விழுதும் வினிகரும் கலந்து தின்கிறோமே, அதில் இலைக்கு வேட்டிக்கரை மாதிரி வெள்ளை விளிம்பு கட்டின ஜாதி. அழகுக்கு வளர்க்கிற செடியை யாராவது தின்பார்களா என்று ஊரே சிரித்தது, யொஷியே அக்கா இன்றைக்கும் "டோகுஜி வீட்டுல பூ ஜாடியையே கொழம்பு வெச்சிடுவாங்க" என்பாள். ஆனால் ஏன் அவர் அதை வளர்த்தார் என்று உனக்குச் சின்ன வயதில் நாங்கள் சொல்லவில்லை. உன் பெரியப்பா கன்ஸுகே நெஞ்சடைத்துச் செத்தார் என்றுதானே உனக்குத் தெரியும். அவர் மலையில் உருயி என்று நினைத்துப் பறித்து வந்தது பைகெய்ப் பூண்டு, சதுப்பில் முளைக்கிற விஷப் பூண்டு, குருத்தாக இருக்கும்போது இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மத்தியானம் ருசித்துச் சாப்பிட்ட மனிதன் இருட்டுவதற்குள் போய்விட்டார். தம்பி என்று பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தது உங்கப்பாதான்.

அதற்குப் பிறகு மலைக்கீரையே இந்த வீட்டுக்குள் வரவில்லை. வீட்டு நிழலும் தேவதாரு மர நிழலும் விழுகிற அந்த ஈர மண்ணில் வெள்ளைக்கரைச் செடிகளை வரிசையாக நட்டார், பைகெய்ப் பூண்டுக்கு வெள்ளைக்கரை கிடையாது, சுருள் பிரியும்போதே விளிம்பு தெரிந்துவிடும், கண் தெரியாதவன்கூட ஏமாற மாட்டான் என்றார். வெள்ளைக்கரை இல்லாத இலை நம் வாசற்படி ஏறக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நீ ஸ்கூலில் இருந்து பசியோடு வந்து குருத்தைக் கிள்ளும்போது அவர் உன் கையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார், உனக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தச் செடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெயில் பட்டால் வெள்ளை கருகும், நிழல் அதிகமானால் வெள்ளை போய் முழுப்பச்சையாகத் திரும்பிவிடும். ஒரு தூரில் பச்சைக் குருத்து ஒன்று கிளம்பினால் உடனே அடியோடு வெட்டி எடுத்துவிட வேண்டும், பச்சைக்குத்தான் பலம் ஜாஸ்தி, விட்டால் வெள்ளையை எல்லாம் தின்று அந்தத் தூரையே பிடித்துக்கொள்ளும். உங்கப்பா வருஷா வருஷம் குனிந்து குனிந்து அதைச் செய்தார். தேவதாரு மரம் இப்போது எங்கேயோ உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, மேற்கே காலியாகக் கிடக்கிற வீட்டின் மூங்கிலும் சாய்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. சரியாக இந்த நேரம் பார்த்து அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டார். வெட்டாமல் விட்டீங்களே என்றால், நேற்றே வெட்டினேன் என்பார். போன வருஷம் பார்க்கும்போது பாதித் தோட்டம் பச்சை. பச்சையான உருயியும் உருயிதான், விஷம் இல்லை, அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் மறதிதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஸ்கூல் பஸ் ஓட்டின மனிதர், எந்தத் திருப்பத்தில் எந்தப் பிள்ளை நிற்கும் என்று சொன்னவர், இப்போது குளியலறைக்குப் போகிற வழியில் நின்று எந்தக் கதவு என்று யோசிக்கிறார். என்னை இரண்டு தடவை அவருடைய செத்துப்போன அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டார், நானும் என்னங்க என்று போனேன், வேறென்ன செய்ய.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், உள்ளே கிழங்கு கிழங்காக வேர். எங்கே இருந்து என்றால், செடியைப் பிரிச்சு நடப்போறேன், குட்டிக்குத் தனியா ஒரு பாத்தி என்றார். உடம்பு அசைந்தால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். மீன் பிட்டு ஒட்டி வருகிற மரப்பலகை இருக்கிறதல்லவா, அதில் நனாவோ என்று பெரிதாக எழுதிப் பாத்தியில் குத்தி வைத்தார். வெள்ளைக்கரைச் செடிகளுக்கு நடுவில் நட்ட அந்த வேரெல்லாம் சாமி கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சதுப்பில் தோண்டினது என்று எனக்கு அப்போது தெரியாது. அண்ணனைக் கொன்ற பூண்டைத் தம்பி தன் கையாலேயே கொண்டு வந்து பேத்திக்கென்று நட்டிருக்கிறார். தெரிந்து செய்திருந்தால் திட்டலாம், சண்டை போடலாம். ஆசையாகச் செய்தவரை என்னவென்று சொல்வது.

இனிமேல்தான் நான் உன்னிடம் மறைத்தது. இந்த மாதம் நானும் அவரும் வயிற்றில் குளிர் தாக்கி இரண்டு நாள் படுத்தோம் என்று சொன்னேன் அல்லவா. குளிரும் இல்லை ஒன்றும் இல்லை. வாழ்நாளில் அடுப்பைத் தொடாத மனிதருக்கு இந்தக் குளிர்காலத்தில் திடீரென்று சமையல் ஆசை வந்துவிட்டது, கினுயே நீ உக்காரு, நீ எளைச்சுட்டே, இன்னிக்கி நான் ஆக்கறேன் என்று ஆரம்பித்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன், கல்யாணமான நாளில் இருந்து ஒருவர் எனக்குச் சோறு போட்டுப் பார்த்ததில்லை. அன்றைக்கு மிசோ சூப் வைத்து என் முன்னால் வைத்துவிட்டு நான் குடிக்கிற வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பச்சைக் கீரை மிதந்தது, முதல் வாயிலேயே கசந்தது. நான் மலையில் பிறந்தவள் சவாகோ, அந்தக் கசப்பு என்னவென்று நாக்குக்குத் தெரிந்தது. துப்பிவிட்டு நிமிர்கிறேன், அவர் தன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, நல்லாருக்கில்ல, குட்டி பாத்தியிலேருந்து பறிச்சேன் என்று சிரிக்கிறார். அவருக்கு ருசி போய் ரொம்ப நாளாகிறது.

ஷிங்கோ காரில் போட்டுக்கொண்டு பறந்ததால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எனக்கு வாந்தியோடு விட்டது, உங்கப்பாவுக்கு நாடி இறங்கி இறங்கி, கை கால் மரத்து, உதடு நீலமாகி, டாக்டர் கூப்பிடக் கூப்பிட அவர் எங்கேயோ இருந்து பதில் சொல்கிற மாதிரி பேசினார். இரண்டாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, ஏன் இங்க படுக்க வெச்சிருக்காங்க, பசிக்குது என்றார். அவ்வளவுதான், அவருக்கு அது எதுவும் நினைவில்லை. ஊருக்குத்தான் நினைவிருக்கிறது, ஊர் ஒலிபெருக்கியில் காலையும் மாலையும், நம் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய தம்பதி நச்சுப் பூண்டைத் தின்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள், சரியாகத் தெரியாத கீரையைப் பறிக்காதீர்கள், தின்னாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஒரு வாரம் சொன்னார்கள். பேர் சொல்லவில்லையாம், பெரிய மனசு. இந்த ஊரில் எழுபது தாண்டின தம்பதி எத்தனை பேர், அதில் ஆஸ்பத்திரிக்குப் போனது யார் என்று பூனைக்குக்கூடத் தெரியும். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வந்தேன். உங்கப்பா ஜன்னல் பக்கம் நின்று கேட்டுவிட்டு, யாரோ பாவம், அண்ணன் கதை மாதிரி இருக்கு என்று உச்சுக் கொட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஷிங்கோவை விட்டு அந்தத் தோட்டத்தை முழுக்கத் தோண்டச் சொன்னேன். எது எது என்று பார்த்து எடுக்கப் போனால் பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை, வேரோடு வேர் பின்னிக் கிடந்தது, அதனால் வெள்ளைக்கரையும் சேர்த்து எல்லாம் போயிற்று. உங்கப்பா மண்ணில் உட்கார்ந்து, பச்சையைத்தானே வெட்டணும், வெள்ளைய ஏன்டா வெட்டறே, வெள்ளைய ஏன்டா வெட்டறே என்று ஷிங்கோவின் காலைப் பிடித்துக்கொண்டார். அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதுவிட்டான், நாற்பது வயசு ஆம்பிளை. நான்தான் வாங்கி மிச்சத்தைத் தோண்டினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். நாலு நாள் மழை பெய்தது, ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், தோண்டிப் போட்ட கறுப்பு மண்ணில் அங்கங்கே முனை முனையாகப் பச்சை. ஆழத்தில் அறுந்து கிடந்த வேர் போலிருக்கிறது. தினமும் கிள்ளுகிறேன், மறுநாள் வேறு இடத்தில் நிற்கிறது. சில முனை உருயியாகவும் இருக்கலாம், விரிகிற வரைக்கும் விட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை.

நான் எழுந்திருப்பதற்கு முன்னால் அவர் எழுந்துவிடுகிறார் என்பதுதான் தொல்லை. கத்தியை ஒளித்து வைத்தேன், கேஸை மூடி வைக்கிறேன், பானைகளைப் பரணில் ஏற்றிவிட்டேன். சமைக்க முடியாது என்று தெரிந்ததும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நம் ஊர் வழக்கம் தெரியுமே, முதல் குருத்து வந்தால் தெருவில் நாலு வீட்டு வாசலில் வைக்காமல் எந்த வீட்டிலும் தின்ன மாட்டார்கள். தோட்டத்தில் நான் கிள்ளினதற்கு மிச்சம், போதாதற்குச் சதுப்பில் போய்ப் பறித்தது, எல்லாவற்றையும் செய்தித்தாளில் அழகாகச் சுற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நான் பின்னாலேயே போய் ஒவ்வொரு வீட்டிலும் தலை குனிந்து, தின்றுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவர்களும் நல்லவர்கள், அவர் முன்னால் இரண்டு கையாலும் வாங்கி, ஆஹா டோகுஜி அண்ணா, வசந்தம் வந்துருச்சுன்னு இதப் பாத்தாத்தான் தெரியுது என்பார்கள், அவர் தெருமுனை திரும்பினதும் பனித்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் போட்டுவிடுவார்கள். வேறென்ன செய்ய முடியும் அவர்களால். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

சனிக்கிழமை அவர் வாய்க்கால் பக்கமாக நடந்து போயிருக்கிறார். மதகுப் பலகையில் செய்தித்தாளோடு செய்தித்தாளாக எல்லாப் பொட்டலமும் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. அத்தனையையும் அள்ளிச் சட்டை எல்லாம் சேறாகச் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கத்தல் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ரொம்ப மெதுவாக, கினுயே, எல்லாரும் ஒண்ணா சேந்து எறிஞ்சிருக்காங்க, ஏன் என்றார். நான் எத்தனையோ பொய் சொல்லிப் பழகிவிட்டேன் இந்த வருஷத்தில், அந்த நேரம் பார்த்து ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. அது உருயி இல்லீங்க என்றேன். அவர் ஒரு இலையை எடுத்து விரித்து வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், விளிம்பைக் கட்டை விரலால் தடவினார், அப்புறம், அண்ணன் தின்னதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாமளும் தின்னோமா என்றார். ஆமாம் என்றேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார், கண் அப்படித் தெளிந்திருந்தது, பஸ் ஓட்டும்போது கண்ணாடியில் பார்ப்பாரே அந்தப் பார்வை, நான் எவ்வளவு நாளாயிற்று அதைப் பார்த்து.

அப்போது சொன்னார் சவாகோ, நான் ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன். "எனக்கு வெள்ளை எது பச்சை எதுன்னு தெரியல கினுயே, இவ்ளோ நாளா தெரியுதுன்னு நெனச்சிட்டிருந்திருக்கேன். கொழந்தய வரச் சொல்லாத. நான் நாளைக்கே கேப்பேன், கூட்டிட்டு வா கூட்டிட்டு வான்னு அழுவேன், நீ காதுல போட்டுக்காத. அவ கன்னத்தப் புடிச்சு ஊட்டிடுவேன் நான். நீ பின்னாடியே நின்னாலும் ஊட்டிடுவேன்." இப்ப வரலன்னா, பனி மூடறதுக்குள்ள உங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாமப் போனாலும் போயிடுமேங்க என்று சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது, வாய் வந்துவிட்டது. அவர் அந்த இலைகளை மடியில் வைத்துக்கொண்டே, எனக்குத் தெரியாட்டி என்ன, அவங்க இருப்பாங்கல்ல என்றார்.

மறுநாள் காலையில் சோறு போடும்போது, குட்டி எப்ப வரா என்றார். மத்தியானம் தானே நம்பரைப் போட்டு உன்னிடம் கெஞ்சினார். அந்தக் கெஞ்சலும் பொய்யில்லை, முதல் நாள் சொன்னதும் பொய்யில்லை. நீ என்னைக் கல் நெஞ்சுக்காரி என்றாய், நான் செய்தது அவர் சொன்னதைத்தான்.

மே மாச டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. பனி விழட்டும், இந்த மண் முழுக்க ஆள் உயரத்துக்கு மூடட்டும், அப்போது மூன்று பேரும் வாருங்கள், நான் வாசல் வரைக்கும் பனி தள்ளி வைக்கிறேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, அவர் கொடுப்பதை வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டேன், அவர் திரும்பினதும் துப்பிவிடுவேன். அவர் வாயில் எதுவும் போகாமல் பார்ப்பதுதான் கஷ்டம், இரண்டு கண்தானே எனக்கு. ஷிங்கோவின் கார் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், உன் மகள் உன்னை நான் பார்த்துக்கொண்டதைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. அவர் ஃபோனில் கேட்டால் வருகிறோம் அப்பா என்று சொல். எத்தனை தடவை கேட்டாலும் வருகிறோம் என்றே சொல். வராதே.

இப்படிக்கு உன் நலம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கும்
அம்மா கினுயே